மீசான் கல்லில் இருக்கும் ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவது எப்படி

ரங்கூன், மோல்மேன் மையவாடிகளில் (அடக்கத்தலங்களில்) நிற்கும் பழைய மீசான் கற்களிலும், அதாவது கல்லறைக் கற்களிலும், சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் அலமாரிகளில் கிடக்கும் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகளிலும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியைத்தான் அடிக்கடி பார்க்கலாம். குடும்ப வரலாறு எழுத உட்காருகிற பிள்ளைகள் அதோடு, ஹிஜ்ரி தொடங்கிய ஆங்கில ஆண்டான 622-ஐக் கூட்டி முடித்துவிடுகிறார்கள். அப்படிக் கூட்டினால் 1279 என்பது 1901 ஆகிவிடும். உண்மையில் அது 1862. பாட்டனாருடைய கல்லைத் தகப்பனாருடையது என்று எழுதிவைக்க இந்த 39 ஆண்டுப் பிழை போதும்.

ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கு: 354 நாள், சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. 33 பிறை ஆண்டு ஓடும்போது சூரிய ஆண்டு 32-தான் ஓடியிருக்கும்.

முதலில் எண்ணைச் சரியாகப் படியுங்கள். கல்லில் பாசி இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலம் பட்டால் சலவைக்கல் அரிக்கும், எழுத்தும் போய்விடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் மங்கிய வெட்டும் தெரியும். அரபு எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்களை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். பர்மாவில் அதிகம் ஏமாற்றுவது வட்டம். அரபு எண்களில் வட்டம் 5, புள்ளிதான் சைபர். பர்மிய எண்களில் வட்டமே சைபர். உருதுக் கையெழுத்தில் 4, 5, 6, 7 வேறு வடிவம் எடுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்து, அது எந்த ஆண்டுக் கணக்கு? எண்ணுக்குப் பின்னால் அரபு ‘ஹே’ (ه) எழுத்து இருந்தால் ஹிஜ்ரி. உருதுக் கற்களில் ‘ஹம்ஸா’ (ء) குறி இருந்தால் அது ஈசவி, அதாவது ஆங்கில ஆண்டு. குறி எதுவும் இல்லாமல் நான்கு இலக்கம் மட்டும் நின்றால் பர்மிய ஆண்டாகவும் இருக்கலாம். பர்மிய ஆண்டுக்கு 638 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் திஞ்ஞான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) வரையிலான நாட்களுக்கு 639. பர்மாவில் ‘1300 போராட்டம்’ என்று சொல்வது 1938-ஐ. அதே 1300 ஹிஜ்ரியானால் 1882 நவம்பரில் தொடங்கும் ஆண்டு. ஒரே எண்ணுக்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

இனிக் கணக்கு. ரங்கூனில் ஷ்வேடகோன் பக்கம் அடங்கியிருக்கும் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் மறைந்தது ஹிஜ்ரி 1279 ஜமாதுல் அவ்வல் பிறை 14, அதாவது அந்த மாதத்தின் 14-ஆம் நாள். ஆண்டை 0.970224-ஆல் பெருக்கி 621.5774 கூட்டுங்கள்: 1862.4939. முழு எண் ஆண்டு. பின்னத்தை 365-ஆல் பெருக்கினால் 180; அந்த ஆண்டின் 180-ஆம் நாள், ஜூன் 29. அதுதான் முதல் மாதமான முஹர்ரம் பிறை 1.

அங்கிருந்து, கேட்கும் மாதத்துக்கு முன்னால் கழிந்த நாட்களைக் கூட்ட வேண்டும். ஸஃபருக்கு 30, ரபீஉல் அவ்வலுக்கு 59, ரபீஉல் ஆகிருக்கு 89, ஜமாதுல் அவ்வலுக்கு 118, ஜமாதுல் ஆகிருக்கு 148, ரஜபுக்கு 177, ஷஃபானுக்கு 207, ரமளானுக்கு 236, ஷவ்வாலுக்கு 266, துல்கஃதாவுக்கு 295, துல்ஹஜ்ஜுக்கு 325. ஜூன் 29-உடன் 118 சேர்த்தால் அக்டோபர் 25. பிறை 14-க்கு இன்னும் 13 நாள்: 1862 நவம்பர் 7.

கணக்குக்கும் கண்ணால் பார்த்த பிறைக்கும் ஒரு நாள் முன்பின் வரும், சில வேளை இரண்டு. கல்லில் கிழமை இருந்தால் கிழமையை நம்பித் தேதியை நகர்த்துங்கள். நபிகள் நாயகம் மறைந்ததாகப் பலரும் சொல்லும் ஹிஜ்ரி 11 ரபீஉல் அவ்வல் பிறை 12, கணக்குப்படி 632 ஜூன் 7, ஞாயிறு. ஆனால் அது திங்கள்கிழமை என்பதில் மரபு உறுதியாக நிற்கிறது. ஆகவே ஜூன் 8. கிழமை பார்க்கும்போது இன்னொன்று: ஹிஜ்ரி நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறையும்போது, தொடங்குகிறது. ‘வெள்ளி இரவு’ என்று எழுதியிருந்தால் ஆங்கிலக் கணக்கில் அது வியாழன் இரவு.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுத் தேதிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இந்தச் சூத்திரம் தருவது இன்றைய கிரெகோரியன் தேதி. 7-ஆம் நூற்றாண்டுக்கு வரலாற்று நூல்கள் ஜூலியன் தேதியைத் தருகின்றன. 3 நாள் கழித்தால் இரண்டும் ஒத்துவரும். ஹிஜ்ரி 1-க்குச் சூத்திரம் ஜூலை 19 என்று சொல்லும், நூல்களில் 622 ஜூலை 16. நபிகள் மதீனா சேர்ந்தது அந்த நாளில் அல்ல, ரபீஉல் அவ்வலில். ஹிஜ்ரத் (நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பயணம்) நடந்த ஆண்டை முதலாம் ஆண்டாக வைத்து எண்ணும் முறையை நிறுவியவர் கலீஃபா உமர், ஏறக்குறைய ஹிஜ்ரி 17-இல். முந்தைய ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்பட்டவை. மாதத்தைத் தள்ளிப்போடும் பழைய அரபு வழக்கமும் இறுதி ஹஜ்ஜின்போதுதான் முற்றாக விலக்கப்பட்டது. அதனால் பத்ருப் போரை 624 மார்ச் 13 என்று கணக்குப் போட்டாலும், நாள் வரை அடித்துச் சொல்லாமல் ‘கணக்குப்படி’ என்று சேர்த்து எழுதுவதே நேர்மை.

தேதி எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு ஜெரூசலேமில் பொன் குவிமாடத்தோடு நிற்கும் குப்பத்துஸ் ஸக்ராவைப் பாருங்கள். கல்வெட்டில், அதைக் கட்டிய உமையா கலீஃபா அப்துல் மலிக்கின் பெயரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த அப்பாஸிய கலீஃபா மஃமூனின் பெயரைப் பதித்தார்கள். ஆண்டை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அங்கே நிற்கும் ஹிஜ்ரி 72, கி.பி. 691–692, யாருடைய ஆட்சி என்பதைச் சொல்லிவிடுகிறது.

அதே அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் வெளியிட்ட தங்க தீனார் 4.25 கிராம், உருவம் இல்லை, எழுத்து மட்டும். ஆண்டு சொல்லாக இருக்கும், சிறிய எண் முன்னால்: ‘ஏழும் எழுபதும்’. கூஃபி என்ற பழைய அரபு எழுத்துமுறையில் புள்ளி இல்லாததால் ஏழைக் குறிக்கும் ‘ஸப்உ’வும் ஒன்பதைக் குறிக்கும் ‘திஸ்உ’வும் பல் போன்ற நான்கு மேடும் ‘ஐன்’ என்ற ஓர் எழுத்துமாக ஒன்றுபோலவே தெரியும். ஆகவே 77, 79, 97, 99 நான்கையும் சொல்லை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ஆண்டு உறுதியான காசுகளோடு எழுத்தின் அமைப்பை ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்.

கல்லில் வயது 70 என்று இருந்தால் அதுவும் பிறை வயதாக இருக்கலாம். சூரியக் கணக்கில் 68. பிறந்த ஆண்டைக் கழித்தெடுக்க வேண்டுமானால் முதலில் ஹிஜ்ரியிலேயே கழித்து, வந்த விடையை மாற்றுங்கள். குறிப்பேட்டில் கல்லில் உள்ளபடியே ஹிஜ்ரித் தேதியை மேலே எழுதி, மாற்றிய தேதியை அதன் கீழே எழுதுங்கள்.