எக்ஸ்ட்ரீம் இண்டி ஹாரர் (பெரிய கம்பெனி இல்லாம தனியா எடுத்த, ரத்தம் கொட்டற கோரமான படம்) டிஸ்க் வாங்கறீங்களா, முதல்ல இதப் பாருங்க

காசு கட்டறதுக்கு முன்னாடி ரன்டைம், அதாவது படம் எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு பாருங்க. கவர்ல அன்கட்னு (எதையும் வெட்டாதது) கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, அத நம்பி நான் ஒருதடவை வாங்கி வெட்டுன பிரிண்ட்தான் வந்துச்சு, மனசே விட்டுப்போச்சு. ஆனா ஒண்ணு, பால் (PAL, ஐரோப்பா மாதிரி நாடுகளோட டிவி முறை) டிவிடில செகண்டுக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேம்ல ஓட்டுவாங்க, அதனால 100 நிமிஷப் படம் 96 நிமிஷம்னு காட்டும், அது கட் இல்ல, பயந்துடாதீங்க.

அடுத்து ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி பிளேயர்ல ஓடும்னு சொல்ற குறி, உங்க பிளேயருக்கு ஒத்துவருதான்னு பாருங்க. ப்ளூரேக்கு ஏ, பி, சி, டிவிடிக்கு 1லேர்ந்து 6, 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லையே இல்ல. பிரிட்டன்ல 1984 வீடியோ சட்டத்துக்கு அப்புறம் சர்டிஃபிகேட்டுக்காக நிறைய ஹாரர் படத்த வெட்டித்தான் விட்டாங்க, அதனால வேற நாட்டு எடிஷனோட ஒப்பிட்டுப் பாருங்க.

கேம்கார்டர்ல எடுத்த படம் ப்ளூரேல வந்தாலும் பளிச்சுனு இருக்காது, ஒரிஜினலே டேப்தானே, கலர் கசியறதும் கீழ் ஓரத்துல கோடு நெளியறதும் அப்படியே இருக்கறதுதான் எனக்கு நியாயமா படுது. 16எம்எம் ஃபிலிம்ல எடுத்ததுன்னா கிரெயின் (ஃபிலிமோட பொடிப்பொடி புள்ளி) தெரியணும், முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி வழவழன்னு இருந்தா கிரெயினை துடைச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

டைரக்டர் கமெண்டரி (படம் ஓடும்போதே டைரக்டர் பேசற ஆடியோ) இருக்கற எடிஷனா எடுங்க, கையில காசில்லாம அந்த ரத்தத்தை எப்படி கலக்குனாங்கன்னு அவங்க வாயால கேக்கறது தனி சுகம்.