கம்பானியன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள்

எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் கம்பானியனுக்கு (கேமில் நம்மோடு சேர்ந்து பயணிக்கும் கதாபாத்திரம்) பிடிக்கும் என்று கைடைத் திறந்து வைத்துக்கொண்டு பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமை ஆடுகிறவர்கள் நிறையப் பேர். திரையோரத்தில் அப்ரூவல், அதாவது அவர்களுக்கு நம்மேல் உள்ள பிடிப்பு, ஏறுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கதாபாத்திரம் வளரவேண்டிய இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம். (கதை முடிச்சுகளைச் சொல்லப் போகிறேன், கேமை முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.)

அஸ்டாரியன் என்ற வாம்பயர் கம்பானியனையே எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் கசாடோர் என்ற வாம்பயரிடம் அடிமையாகக் கிடந்தவன், ஆரம்பத்தில் அவன் உங்களை மயக்குவதே தன் பாதுகாப்புக்காகத்தான், அதைக் கதையின் இரண்டாவது பாகத்தில் (ஆக்டில்) அவனே ஒப்புக்கொள்கிறான். மூன்றாவது ஆக்டில் 7,000 பேரைப் பலிகொடுத்து கசாடோர் அடைய நினைத்த சக்தியைத் தான் எடுத்துக்கொள்ள உங்கள் உதவியைக் கேட்பான். அவன் மனம் கோணக்கூடாது என்று சரி சொன்னால் வெயிலில் தைரியமாக நடக்கிற அஸ்டாரியன் கிடைப்பான், ஆனால் உங்களையே தன் உடைமையாகப் பார்ப்பான். யாரிடமிருந்து தப்பினானோ அவனாகவே மாறிவிடுகிறான். பேசித் தடுத்தால் கசாடோரைக் குத்திக் கொன்றுவிட்டு அங்கேயே உடைந்து அழுவான். எனக்கு அந்த அழுகைதான் அவன் கதை.

மறுத்துப் பேசினால் உறவு கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். 2011-இல் வந்த டிராகன் ஏஜ் 2 கேம் இதை வெளிப்படையாகவே செய்தது: அதில் நட்புக்கு எதிர்ப்பக்கம் ரைவல்ரி (உங்களோடு முரண்படும் உறவு), அந்தப் பக்கம் முழுக்கப் போனாலும் ரொமான்ஸ் உண்டு. அதில் இசபெலா என்ற கம்பானியன் ஒரு கட்டத்தில் உங்களை விட்டு ஓடிப்போவாள். அவள் திரும்பி வருவதற்கும் இந்த இரண்டில் ஏதோ ஒன்று நன்றாக ஏறியிருந்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் நழுவிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல்.

அப்புறம், எல்லா முடிவையும் நாமே எடுப்பது. பால்டர்ஸ் கேட் 3-இல் ஷேடோஹார்ட் என்ற கம்பானியன் நைட்சாங் என்ற கைதியைக் கொல்ல ஈட்டியோடு நிற்கும்போது பலர் பதறிப்போய் குறுக்கே புகுந்து பேசுகிறார்கள். அதுவரை அவளிடம் நன்றாகப் பழகியிருந்தால் முடிவை அவளிடமே விடுங்கள், ஈட்டியை அவளே தூக்கி எறிவாள்.

லாங் ரெஸ்டை (கேம்பில் இரவு தூங்கி எடுக்கும் ஓய்வை) கஞ்சத்தனமாகப் பயன்படுத்துவது இன்னொன்று. தலைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் ஓடு என்று கேம் பயமுறுத்துவதால் தூங்காமலே முதல் ஆக்டை முடிக்கிறார்கள். அந்தப் புழுவுக்கு நேரக் கெடு எதுவும் கிடையாது. கம்பானியன்களின் முக்கியமான பேச்சுகள் ராத்திரி கேம்பில்தான் நடக்கும், தூங்காவிட்டால் அவை வரிசையில் தேங்கி, கதை நகர்ந்ததும் சில வராமலே போய்விடும். எரிகிற வாக்கீன்ஸ் ரெஸ்ட் விடுதி மாதிரி சில இடங்கள் மட்டும் விதிவிலக்கு, அங்கே போனால் தூங்கும் முன் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுங்கள்.

ஒருத்தியின் ரொமான்ஸுக்காக ஊரையே அழித்தால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். மிந்தாரா என்ற எதிரித் தலைவியின் பேச்சைக் கேட்டு, அகதிகள் தங்கியிருக்கும் குரோவைத் தாக்கினால் வில், கார்லாக் என்ற இரண்டு கம்பானியன்களும் உங்களோடு இருக்க மாட்டார்கள். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை, கொள்கை உள்ளவர்கள் வேறு எப்படி நடப்பார்கள்?

மாஸ் எஃபெக்ட் 2 ஆடுகிறவர்கள் ஒவ்வொரு கம்பானியனின் விசுவாசத்தையும் பெற்றுத்தரும் லாயல்டி மிஷனை முடித்தாலே எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று நம்பி கடைசி மிஷனுக்குப் போகிறார்கள். விசுவாசம் மட்டும் போதாது, ஆளுக்கேற்ற வேலையும் தர வேண்டும். குழாய் வழியாகப் போக டாலி, லீஜியன், கசூமி இவர்களில் ஒருவர், பயோடிக் (மனசக்தி) கவசம் பிடிக்க ஜாக்கோ சமாராவோ, இரண்டாவது அணிக்குத் தலைமை தாங்க கேரஸ், மிராண்டா, ஜேக்கப் மூவரில் ஒருவர். ஜாக், மிராண்டா இருவரின் மிஷனும் முடிந்தபின் கப்பலில் அவர்களுக்குள் சண்டை மூளும். இருவரையும் சமாதானப்படுத்தத் தேவையான பாராகன் (நல்லவழி) அல்லது ரெனிகேட் (முரட்டுவழி) புள்ளிகள் போதாமல் ஒருத்தி பக்கம் சாய்ந்தால் மற்றவளின் விசுவாசம் போய்விடும், அதனால் புள்ளிகளைச் சேர்த்துவிட்டு இரண்டாவது மிஷனைத் தொடுங்கள்.