எரிமலைகளை மணலில் அளப்பது எப்படி?

எந்தக் கிரகத்து எரிமலை பெரியது என்று பிள்ளைகள் கேட்டால் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விடுவேன். அது பெண்கடல் பக்கம், அதாவது அலை குறைந்த பாக் விரிகுடா. போட்ட கோட்டை அலை சட்டென்று அழிக்காது. ஒரு குச்சி, மூன்று மீட்டர் கயிறு, ஸ்கேல் போதும்.

நிஜத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மணலில் ஒரு சென்டிமீட்டர். உயரம், அகலம் இரண்டுக்கும் இதே கணக்குத்தான். உயரத்தை மட்டும் இழுத்து வரைந்த படங்களைப் பார்த்துத்தான் செவ்வாயின் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையைப் பிள்ளைகள் ஊசிமலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், எங்கிருந்து அளப்பது? இதை முடிவு செய்யாமல் ஒப்பிடவே கூடாது. ஹவாயின் மௌனா கியா கடல்மட்டத்திலிருந்து 4,207 மீட்டர். கடலடியிலிருந்து பார்த்தால் 10 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளியில் கடல் இல்லை; சராசரி தரைமட்டத்திலிருந்து கணக்கிட்டால் அங்குள்ள மாட் மான்ஸ் 8 கி.மீ., சுற்றியுள்ள சமவெளியிலிருந்து என்றால் 5 கி.மீ. போலத்தான் வரும். எல்லாவற்றையும் அடிவாரத்திலிருந்தே அளந்துவிடுங்கள், அதுதான் நியாயம்.

சரி, குச்சியை நட்டுக் கயிற்றால் வட்டம் போடுங்கள். ஆறு மீட்டர் விட்டம்: ஒலிம்பஸ் மான்ஸின் 600 கி.மீ. முழு மலையையும் குவிக்க மணல் அள்ளி மாளாது. ஓரத்திலிருந்து ஓரம் வரை, நடுவழியாக ஒரு வரப்பு போதும். நடுவில் 21 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். ஓரத்தை வழித்துவிடாமல் நறுக்கென வெட்டி நிறுத்துங்கள். அங்கே சில இடங்களில் 8 கி.மீ. வரை செங்குத்தான சரிவு உண்டு. உச்சியில் 80 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பள்ளம் தோண்டினால் எரிமலை வாய் ஆகிவிடும். பிறகு பிள்ளைகளைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு தட்டையா என்று நம்பவே மாட்டார்கள்!

பக்கத்தில் மௌனா கியாவுக்குப் பத்து சென்டிமீட்டர் குவியல். நம் அந்தமானின் பாரன் தீவு கடலுக்கு மேல் 354 மீட்டர்தான் தெரிகிறது. இதற்கு மட்டும் கடலுக்கு மேல் தெரியும் பகுதியைத்தான் எடுக்கிறோம்: மூன்றரை மில்லிமீட்டர், ஒரு சிட்டிகை மணல்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கட்டாயம் கேட்பார்கள். ஹவாய்க்கு அடியில் எரிகுழம்பு ஊறும் இடம் அப்படியே நிற்க, அதன் மேலே பூமியின் தட்டு (மேலோட்டுப் பாறைப் பாளம்) நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிகுழம்பு வரிசையாகப் பல தீவுகளாகிறது. செவ்வாயில் தட்டு நகரவில்லை. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் குவிந்தது. ஈர்ப்பும் நம்மில் 38 சதவீதம்தான் என்பதால் அந்தப் பாரத்தைத் தரை தாங்கியது.

வியாழனின் நிலா அயோவில் உள்ள லோகி பட்டேரா குழிதான், மலையில்லை. அகலம் சுமார் 200 கி.மீ. அதை உயர வரிசையில் சேர்க்காதீர்கள். இரண்டு மீட்டர் வட்டமாகப் போட்டு, ஒலிம்பஸின் 80 சென்டிமீட்டர் வாயோடு ஒப்பிடுங்கள்.