டிஸ்க் இமேஜர் வாங்கும் முன் வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு வரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலும் குடும்பப் படங்கள்தான் இருக்கும். இடித்துவிட்ட லயத்து வீடுகள், தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, பால் வாளியோடு நிற்கும் தாத்தா. திரும்ப எடுக்க முடியாத படங்கள். அதனால்தான் இமேஜர், அதாவது பழுதான டிஸ்க்கில் உள்ளதை அப்படியே வேறொன்றுக்கு நகலெடுக்கும் கருவி, வாங்க நினைக்கும் தம்பிகளிடம் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் தவறு, வேகத்தை ஒப்பிடுவது. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா 3 வழி நொடிக்கு 600 எம்பி வரை தாங்கும். சுழலும் டிஸ்க் நன்றாக இருந்தாலே 100 முதல் 200 எம்பிதான் பெரும்பாலும் தரும். நல்ல டிஸ்க்கில் எல்லாக் கருவியும் ஒன்றுபோலத்தான் ஓடும். டிஸ்க் பதில் சொல்லாதபோது கருவி என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒரு கணக்குப் போடுங்கள்: 100,000 பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன சின்னச் சின்ன இடங்கள்), ஒவ்வொன்றிலும் 10 நொடி காத்திருந்தால் 11 நாளுக்கு மேல் ஆகும். அரை நொடியில் விட்டு நகர்ந்தால் சுமார் 14 மணி நேரம். அந்த 11 நாளும் தேய்வது ஏற்கெனவே பலவீனமான ஹெட், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனை.

டீப்ஸ்பார், பிசி-3000 போன்ற இமேஜர்களில் காத்திருக்கும் நேரத்தை நாமே குறைக்கலாம். பதில் வராவிட்டால் கருவியே ரீசெட் அனுப்பும். அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், சுலபமாக வருவதை முதலில் அள்ளிவிட்டு, அப்புறம் திரும்பி வரும். ஒரு ஹெட் மட்டும் கெட்டிருந்தால் மற்ற ஹெட்களில் உள்ளதை முதலில் எடுக்க முடியுமா என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

‘டிடிரெஸ்கியூ இலவசம்தானே?’ என்பார்கள். நல்ல மென்பொருள்தான், லேசான பழுதுக்கு நானும் அதைத்தான் ஓட்டுகிறேன். எதுவரை படித்தது என்று மேப் ஃபைலில் குறித்து வைப்பதால், மத்தியான இடிமழையில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தொங்கிப்போன டிஸ்க்கின் மின்சாரத்தைத் தானாக நிறுத்தாது. யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்தே ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

தடயவியல் நகல் கருவிகளையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றில் பல, நல்ல டிஸ்க்கை மாற்றமில்லாமல் நகலெடுத்து ஹேஷ் (நகல் அச்சு அசல்தானா என்று சரிபார்க்கும் எண்) போட்டு உறுதிசெய்யப் பிறந்தவை; பழுதான டிஸ்க்குக்காக அல்ல.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, ‘டிக்... டிக்...’ என்று தட்டும் டிஸ்க்கை இமேஜரில் மாட்டுவது. ஓர் அக்கா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். உறவுக்காரப் பையன் இரவு முழுக்க ஓட்டியிருக்கிறான். காதருகே வைத்துக் கேட்டேன், ஏதோ உரசும் சத்தம். தூசி இல்லாத சுத்த அறையில் திறந்து பார்த்தவர்கள், உள்ளே சுழலும் தட்டில் வளையமாகக் கீறல் என்றார்கள். தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஹெட் மாற்றிய பிறகுதான் எந்த இமேஜருக்கும் வேலை.

விற்பவர் நல்ல டிஸ்க்கில் ஓட்டிக் காட்டினால், உங்கள் பையிலிருந்து பேட் செக்டர் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்து, ‘இதில் காட்டுங்கள் சார்’ என்று கேளுங்கள்.