வால்வு ஆம்பிளிபயருக்கு ஸ்பீக்கர் பொருத்துதல்: வாற்றுக்கு முன் ஓமைப் பாருங்கள்

முதலில் உணர்திறன். பெட்டியில் 87 டெசிபெல் என்று போட்டிருந்தால், ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் அவ்வளவு சத்தம். வாற்று இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். 300பி என்ற கண்ணாடிக் குழல் வால்வு ஒன்று தனியே தருவது 8 வாற்று, அதாவது மூன்று இரட்டிப்பு. 87 உடன் 9 சேர்ந்து 96இல் நின்றுவிடும். கதவு யன்னல் திறந்து, விறாந்தையும் முற்றமும் ஒன்றாய்க் கிடக்கும் கிளிநொச்சி வீட்டில் தவில் அடிக்கு அது காணாது. 300பிக்கு 94க்கு மேல் தேடுங்கள். 87தான் கையில் என்றால் ஈஎல்34 வால்வுகள் சோடியாய் மாறிமாறி வேலை செய்யும் புஷ்-புல் வகை, 30 வாற்றுக்குக் குறையாமல். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 100ஐத் தாண்டும். ஆனால் பேஸ் இல்லை, வீட்டுக்கு வேண்டாம்.

அடுத்தது, பலரும் தவறவிடும் படி: ஓம் அளப்பது. மீற்றரை ஓம் றேஞ்சில் வைத்துப் பார்த்தால் வருவது சுருளின் தடை மட்டுமே. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் ஓம் சுருதிக்குச் சுருதி மாறும், அதைத்தான் அளக்க வேண்டும். ஸ்பீக்கரோடு 10 ஓம், 5 வாற்று றெசிஸ்ரர் ஒன்றைத் தொடராகக் கட்டி, சாதாரண டிரான்சிஸ்ரர் ஆம்பிளிபயரில் கொடுங்கள். போனில் ரோன் அப் (ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் செயலி) போட்டு 20 ஹேட்ஸிலிருந்து 400 வரை படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஸ்பீக்கர் வோல்ற்றை றெசிஸ்ரர் வோல்ற்றால் வகுத்து 10ஆல் பெருக்குங்கள். ஸ்பீக்கரில் 1.2, றெசிஸ்ரரில் 2.0 என்றால் 6 ஓம். மலிவான மஞ்சள் மீற்றரில் ஏசியின் மிகக் குறைந்த றேஞ்சே 200 வோல்ற், 0.1க்குக் கீழே காட்டாது. 2 வோல்ற் ஏசி றேஞ்ச் உள்ளதையே வாங்குங்கள்.

எங்காவது 5 ஓமுக்குக் கீழே இறங்கினால், பெட்டியில் 8 என்று இருந்தாலும் ஆம்பிளிபயரின் 4 ஓம் ஸ்பீக்கர் முனையில் கட்டுங்கள். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள ட்ரான்ஸ்போமர் 8 ஓம் ஸ்பீக்கரை வால்வுக்கு 3,500 ஓமாகக் காட்டினால், அதே முனையில் 4 ஓம் வந்தால் 1,750தான் காட்டும். குரல் கரகரக்கும். 4 ஓம் முனையில் இன்னொரு நன்மையும் உண்டு. 8 ஓம் முனையில் ஆம்பிளிபயரின் சொந்த உள்தடை 2.5 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கர் பேஸில் ஓரிடத்தில் 30 ஓம், இன்னோரிடத்தில் 4 ஓம் என்றால் இரண்டுக்கும் இடையே 3.5 டெசிபெல் ஏற்றத்தாழ்வு வரும். பேஸ் ஊதிக் கேட்பது அதனால்தான். 4 ஓம் முனையில் உள்தடை பாதியாகி, வித்தியாசம் 2 டெசிபெலுக்கு இறங்கும்.

வயர் மாற்றும்போது ஆம்பிளிபயரை நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் ட்ரான்ஸ்போமரின் வால்வுப் பக்கத்தில் வோல்ற் எகிறி, உள்ளேயே பொறி பாயும். அந்த ட்ரான்ஸ்போமர் போனால் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கடையில் கேட்டு வாங்க முடியாது.

பிற்சேர்க்கை: வெளியிலிருந்து வரும் ஆம்பிளிபயர் பல 220 வோல்ற்றில் செட் செய்யப்பட்டவை. நம் இணைப்பு 230. இரவு ஆளடங்கிய நேரம் 240 வந்தால் 300பியின் உள்ளே சூடேறும் 5 வோல்ற் இழை 5.45இல் எரியும், வால்வின் ஆயுள் குறையும். மின் இணைப்பில் 240 வோல்ற் முனை இருந்தால் அதற்கு மாற்றி, இழை வோல்ற்றை இரவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். உள்ளே 400 வோல்ற் நிற்கிறது.