பாக்கெட் துளைக்கு ஸ்க்ரூ வாங்கும் முன்

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், சமையலறை அலமாரி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு யாரோ செய்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. அலமாரியின் முன்பக்கத்தைச் சுற்றி வரும் முகச்சட்டத்தின் மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. "மரம் சரியில்லையா ஆசாரி?" என்று ஆச்சி கேட்டார்.

கழற்றிப் பார்த்தேன். மரம் நல்ல தேக்கு. இரண்டு சட்டங்களை இணைக்கச் சாய்வாகப் போடும் பாக்கெட் துளைகளுக்குள் கறுப்பு ஸ்க்ரூக்கள் இருந்தன. ஜிப்சம் பலகை அடிப்பதற்காக விற்பவை. அவற்றின் தலைக்கு அடிப்பகுதி புனல்போல் சரிந்திருக்கும். முடுக்க முடுக்க அந்தச் சரிவு ஆப்பாகி, துளையின் அடிமரத்தை நாரோட்டத்தின் வழியே பிளந்திருந்தது. ஒன்றைத் திருப்புளியால் தொட்டதுமே தலை முறிந்து தரையில் உருண்டது. அந்த ஸ்க்ரூ கெட்டியானதுதான், ஆனால் வளைந்து கொடுக்காது. மரவேலைக்கு அது ஆகாது.

என் அப்பா ஒரு சட்டத்தின் முனையில் நாக்குபோன்ற கழுந்தும், மற்றதில் அது நுழையும் துளையும் செதுக்கி மூங்கில் ஆணி அடித்துப் பழகியவர். அந்த மூட்டில் மரமே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாக்கெட் மூட்டில் பசை உதவினாலும், இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு ஸ்க்ரூவின் மேல் விழுகிறது. ஏறத்தாழ 15 டிகிரி சாய்வில், படி வைத்த பிட்டால் துளைக்கிறோம். தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தில் தட்டையான ஒரு படி உண்டாகிறது. ஸ்க்ரூவின் தலை உட்காருவது அந்தப் படியில். படி தட்டையென்றால் தலையின் அடியும் தட்டையாக, வாஷர் போல அகன்று இருக்க வேண்டும். கடையில் ஸ்க்ரூவைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தலையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.

அடுத்தது கழுத்து. தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். அந்தப் பகுதி முதல் சட்டத்துக்குள் தாராளமாகச் சுழன்றால்தான் இரண்டாவது சட்டம் இழுபட்டு வந்து ஒட்டும். நுனியில் சிறிய வெட்டு இருந்தால் தன் வழியைத் தானே குடைந்துகொண்டு போகும். பெரும்பாலும் தனித்துளை தேவைப்படாது.

நீளத்தைப் பலகையின் கனம் முடிவு செய்கிறது. நம் பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் இஞ்ச். நாலு நூல் பலகைக்கு, அதாவது 12 மி.மீ. கனத்துக்கு, 1 இஞ்ச் ஸ்க்ரூ. ஆறு நூல் பலகைக்கும் 18 மி.மீ. பிளைவுட்டுக்கும் ஒன்றேகால் இஞ்ச். அலமாரி வேலையில் பத்துக்கு எட்டு இடத்தில் இந்த அளவுதான் வரும். அதை மட்டும் நிறைய வாங்கி வைக்கலாம். முழு இஞ்ச் பலகைக்கு ஒன்றரை, ஒன்றரை இஞ்ச் கட்டைக்கு இரண்டரை. இரண்டு பலகைகளும் வேறு வேறு கனமாக இருந்தால் மெல்லியதைப் பார்த்து நீளத்தைக் குறையுங்கள். 18 மி.மீ. அலமாரித் தட்டை 12 மி.மீ. பக்கப் பலகையின் முகத்தில் சேர்க்கும்போது ஒன்றேகால் இஞ்ச் போட்டால், பாலிஷ் போட்ட வெளிப்பக்கத்தில் முள்போல நுனி எட்டிப்பார்க்கும். அதை மறைக்க வழியே கிடையாது.

மரைக்கு வருகிறேன். தேக்கு, வேம்பு, வேங்கை, ரப்பர் மரம் ஆகியவற்றுக்கு நெருக்க மரை. பிளைவுட், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, பைன் ஆகியவற்றுக்கு அகல மரை. மிருதுவான பொருளில் அகல மரை நிறைய நாரை வாரிப் பிடிக்கிறது. அதையே வேம்பில் போட்டால் விளிம்பு வெடிக்கும். நெருக்க மரையை எம்.டி.எஃப்.பில் போட்டால் உள்ளே மாவாக அரைத்துவிட்டுச் சும்மா சுற்றும். பழைய வீட்டை இடித்து எடுத்த பர்மா தேக்கு இரும்பாய் இறுகியிருக்கும். அதற்கு நெருக்க மரையோடு, மரையில் கொஞ்சம் மெழுகும் தடவுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். தடிமன் எண்ணையும் பாருங்கள்: எண் கூடக் கூட ஸ்க்ரூ தடிக்கும். 12 மி.மீ. பலகைக்கு 6ஆம் எண், மற்றவற்றுக்கு 7 அல்லது 8.

நம் ஊர் வறண்ட பூமிதான் என்றாலும் வீட்டுக்குள் ஈரம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிறார்கள். அலமாரியின் அடிச்சட்டம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடிச்சட்டத்துக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதைப் போடுங்கள். மழைச்சாரல் அடிக்கும் முற்றத்து ஓரம் என்றால் ஸ்டெயின்லெஸ். அது கொஞ்சம் மிருது. கடின மரத்தில் முன்துளை போட்டு நிதானமாக முடுக்க வேண்டும். மற்ற இடங்களுக்குச் சாதாரண துத்தநாக முலாம் போதும். வேங்கையில் துவர்ப்பு அதிகம். ஈரமும் இரும்பும் சேர்ந்தால், கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டதுபோல் மரம் கறுத்துவிடும், அங்கேயும் ஸ்டெயின்லெஸ்தான்.

தலையில் பிளஸ் குழி உள்ளதைவிடச் சதுரக் குழி உள்ளதையே நான் எடுக்கிறேன். ஆழமான துளைக்குள் பிளஸ் பிட் நழுவி, தலையைக் கடித்துத் தின்றுவிடும். சதுரம் நழுவாது. பிட் ஆறு இஞ்ச் நீளமாக இருந்தால் மெஷினின் மூக்கு மரத்தில் இடிக்காது.

வாங்கியதும் நேராக வேலையில் இறங்காதீர்கள். அதே மரத்தின் துண்டில் ஒரு பாக்கெட் துளை போட்டு, ரம்பத்தால் துளையின் நடுவே நீளவாக்கில் பிளந்து, ஸ்க்ரூவை அதில் படுக்கவையுங்கள். தலை படியில் முழுதாக உட்காருகிறதா, மரை அடுத்த பலகைக்குள் எவ்வளவு போகிறது, நுனி வெளியே வருகிறதா என்று மூன்றும் கண்ணுக்கு முன்னால் தெரியும். பிறகு இன்னொரு துண்டில் உண்மையாகவே முடுக்கி, திரும்பக் கழற்றுங்கள். துளையிலிருந்து மாவு கொட்டினால் மரை மரத்தை அரைத்துவிட்டது. முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் மெஷினின் கிளட்ச்சைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

துளையை எப்போதும் குறுக்குச் சட்டத்தின் முனையில், நாரோட்டத்தோடு போடுங்கள். அப்போது ஸ்க்ரூ நெடுஞ்சட்டத்தின் பக்கவாட்டு நாரில் ஏறி இறுகப் பிடிக்கும். மாற்றிப் போட்டால் முனை மரத்தில் ஏறும், பிடிப்பு குறையும். முடுக்கும்போது இரண்டு சட்டங்களும் கிளாம்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாய்ந்து போகும் ஸ்க்ரூ ஒரு சட்டத்தை நழுவச் செய்துவிடும். இரண்டு இஞ்ச் சட்டத்துக்கு மூட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ.

ஆச்சி வீட்டில் பிளந்த குறுக்குச் சட்டங்களை மாற்றிவிட்டேன். நெடுஞ்சட்டத்தின் பழைய ஓட்டைகளில் பசை தொட்ட தேக்குக் குச்சிகளை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, இழைத்துச் சமன் செய்தேன். ஒன்றேகால் இஞ்ச், நெருக்க மரை, அகன்ற தலை, அடிச்சட்டத்துக்கு மட்டும் பூச்சு உள்ளது. மூட்டுக்கு இரண்டாக, நான்கு மூலைக்கும் எட்டு ஸ்க்ரூ.