பூச்சாடியின் அடியில் விழுந்த விரிசல்

புதுச்சேரி அருகே 3 வார மண்பாண்டப் பயிற்சி முகாமில், இகெபானா எனும் ஜப்பானிய மலர் அலங்காரத்துக்காக நான் வனைந்த சாடிகளின் அடியில், காய்ந்ததும் எஸ் வடிவ விரிசல் விழுந்தது. பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாக உலர்த்தியும், விரிசலில் மண்குழம்பு பூசியும் 6 நாள்கள் வீணாயின. பூசிய இடமே மீண்டும் பிளந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: பூக்காம்புகளைக் குத்தி நிறுத்தும் கென்சான் எனும் ஊசித்தட்டு அசையாமல் அமர அடியை அகலமாக்கிய நான், அதை அழுத்தி இறுக்காமலே சுவரை எழுப்பியிருந்தேன். போதாக்குறைக்கு, குறுகிய கழுத்தினால் கண்ணில் படாமல் ஒரு கரண்டி தண்ணீர் உள்ளே தேங்கி, சுவர் உலர்ந்த பின்னும் அடிமண்ணை ஈரமாகவே வைத்திருந்தது. அடுத்த முறை, மண்ணைக் குடைந்தவுடன் அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் மரத்தகட்டால் பலமுறை அழுத்தி, கழுத்தைக் குறுக்குமுன் குச்சி நுனியில் கட்டிய பஞ்சால் நீரை ஒற்றியெடுத்தேன். அந்த 5 சாடிகளும் விரிசலின்றி வந்தன, அப்பாடா என்றிருந்தது.